நட்டஈடு கப்பலின் எடைக்கா, தொழிலாளியின் இழப்புக்கா?

லாரி மோதி ஒரு பெட்டிக்கடை நொறுங்கினால், நொறுங்கிய கடையின் பெறுமானம் என்ன என்று கேட்கிறோம். மோதிய லாரி எத்தனை டன் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு கப்பல் மூழ்கி, அதன் எண்ணெயும் சரக்கும் கடலைக் கெடுத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தால், சட்டம் முதலில் கேட்பது கப்பலின் எடையைத்தான். இவ்வளவு டன் கப்பலா, அப்படியானால் இவ்வளவு ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்கிறது. பறிபோனது ஒரு வள்ளத்தின் பிழைப்பா, ஒரு மாவட்டத்தின் பிழைப்பா என்பது பிறகுதான்.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. நம் கண்முன்னே, நாம் பிழைக்க வந்த இந்தத் திருவனந்தபுரத்துக் கரையிலேயே நடந்திருக்கிறது.

நடந்தது என்ன?

2025 மே 2 அன்று விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் பிரதமரால் கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல், மே 24 அன்று ஆலப்புழைக் கடலில் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினர் என்பது ஒன்றே ஆறுதல். கப்பலில் 640-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 13 ஆபத்தான சரக்கைக் கொண்டவை, 12-ல் கால்சியம் கார்பைடு. கப்பலின் சொந்த எரிபொருளாக 84.44 டன் டீசலும் 367.1 டன் பர்னஸ் ஆயிலும் இருந்தன. கப்பல் 1997-இல் கட்டப்பட்டது. கொடி லைபீரியாவினுடையது. கம்பெனியின் தலைமை அலுவலகம் ஜெனீவாவில்.

சில நாட்களில் கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் கன்டெய்னர்கள் ஒதுங்கின. வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை மணலோடு மணலாகக் கலந்தது. கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை விழுந்தது. "மீன் வாங்காதே, விஷம்" என்ற வதந்தி சந்தைகளில் பரவியது. பிடித்த மீனையும் விற்க முடியவில்லை.

மே 29 அன்று கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நான்கு மாவட்டங்களில் 78,498 மீனவர்கள், 27,020 சார்புத் தொழிலாளிகள், ஆக 1,05,518 பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் என்று உதவி வந்தது. வந்ததை மறுக்கவில்லை, பசித்தவனுக்கு ஆறு கிலோவும் அரிசிதான். ஆனால் அது சர்க்கார் கஜானாவிலிருந்து, அதாவது உங்களுடைய என்னுடைய வரிப்பணத்திலிருந்து வந்தது. கடலைக் கெடுத்தவன் பையிலிருந்து வந்ததல்ல. நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு. நிவாரணம் இரக்கத்தால் தரப்படுவது. நட்டஈடு உரிமையால் பெறப்படுவது. இரண்டையும் குழப்பி, ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு வாயை மூடு என்று சொல்பவர்கள் யாருக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கப்பல், எந்தச் சட்டம்?

எண்ணெய்க் கசிவுக்குச் சர்வதேசச் சட்டம் இருக்கிறதே என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. 1967-இல் 'டாரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பாறையில் மோதி, லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. பணக்கார நாடுகளின் கரை கறுத்த பிறகு 1969-இல் ஓர் ஒப்பந்தம் பிறந்தது. கப்பல்காரன் தப்பு செய்தானா இல்லையா என்று நிரூபிக்கத் தேவையில்லை. எண்ணெய் கொட்டினால் அவன் பொறுப்பு என்பது அதன் சாரம். கப்பல்காரன் பங்கு போதாவிட்டால் ஒரு சர்வதேச நிதி கைகொடுக்கும். கடல்வழி எண்ணெய் பெறும் கம்பெனிகளின் சந்தாவால் நடக்கும் நிதி அது. இந்தியாவும் அதில் உறுப்பினர். மீனவனின் வலை கறுக்காவிட்டாலும், கடலுக்குப் போக முடியாமல் இழந்த வருமானத்தைக்கூட அந்த நிதி நட்டமாக ஏற்கிறது.

ஆனால் இவையெல்லாம் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் டாங்கர் கப்பலுக்கு மட்டுமே. எல்சா 3 கன்டெய்னர் கப்பல். அதன் எண்ணெய் அதன் சொந்த அடுப்புக்கு வைத்திருந்த எண்ணெய். ஆகவே அந்த நிதியின் கதவு நமக்குத் திறக்காது. பர்னஸ் ஆயில் எந்தக் கப்பலிலிருந்து கொட்டினாலும் மீன் ஒரே மாதிரிதான் சாகிறது. சட்டத்துக்கு மட்டும் அது இரண்டு விதம்.

மிஞ்சியிருப்பது 'பொறுப்பு வரம்பு' என்ற பழைய ஏற்பாடு. கப்பல் முதலாளி தன் மொத்தப் பொறுப்பைக் கப்பலின் டன் கணக்குப்படி ஒரு தொகைக்குள் அடக்கிக்கொள்ளலாம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் கப்பல் முதலாளிகளுக்குக் கொடுத்த சலுகை அது. இன்று சர்வதேச ஒப்பந்தமாகி நம் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியபோதும் இந்த வரம்பை எடுக்கவில்லை. வரம்பை உடைக்க வேண்டுமானால், நட்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, நட்டம் வரும் என்று தெரிந்தே அலட்சியமாகவோ முதலாளி தானே நடந்துகொண்டதாக நிரூபிக்க வேண்டும். ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவன் மனதில் என்ன இருந்தது என்பதைப் பூந்துறை மீனவன் எப்படி நிரூபிப்பான்?

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

கேரள அரசு 2025 ஜூலையில் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கேட்ட நட்டஈடு 9,531.11 கோடி ரூபாய். அன்று விழிஞ்ஞத்தில் நின்ற 'எம்.எஸ்.சி. அகிடெட்டா 2' என்ற கப்பலைத் தடுத்து வைக்க ஜூலை 7 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 25 அன்று பிணைத் தொகையை 1,227.62 கோடியாக நீதிமன்றம் குறைத்து நிர்ணயித்தது. பிணை என்பது தீர்ப்பல்ல. தீர்ப்பு வந்தால் வசூலாவதற்கான ஈடு மட்டுமே. கப்பல் தரப்போ, தங்கள் பொறுப்பை சுமார் 132 கோடியோடு நிறுத்த வேண்டும் என்று தனியாக வழக்குப் போட்டது.

9,531.11 கோடியில் என்னென்ன அடங்கியிருக்கிறது? சுற்றுச்சூழல் கேட்டுக்கு 8,626.12 கோடி. கடலையும் கரையையும் சீர்செய்ய 378.48 கோடி. மீனவர்களின் பொருளாதார இழப்புக்கு 526.51 கோடி. அதாவது நூற்றுக்கு ஐந்தரை ரூபாய்தான் தொழிலாளியின் பெயரில் கேட்கப்பட்டது.

இனி ஒரு கூட்டல் கழித்தல் செய்வோம். அரசு கேட்டது முழுவதும் நியாயம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் 132 கோடி வரம்பும் நிலைத்துவிட்டது என்று கொள்வோம். வரம்புத் தொகையை உரிமை கோரியவர்களிடையே விகிதப்படி பங்கிட வேண்டும் என்பது விதி. மீனவர் பங்கு 7 கோடியே 29 லட்சம். அதை நிவாரணப் பட்டியலில் இருந்த 1,05,518 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 691 ரூபாய்!

அறுநூற்றுத் தொண்ணூற்றொரு ரூபாய், தோழர்களே! சர்க்கார் கொடுத்த ஆயிரத்தைவிடக் குறைவு. சரக்கு முதலாளிகளும் இதே தொகையில் பங்குக்கு வந்தால் அதுவும் தேயும். உலகிலேயே பெரிய கன்டெய்னர் கம்பெனியின் கப்பல் கடலைக் கெடுத்ததற்கு, சட்டம் அனுமதிக்கக்கூடிய விலை இதுதான்.

காகிதம் வைத்திருப்பவனுக்கு ஒரு நீதி

அதே கப்பலில் முந்திரிக்கொட்டை வந்தது. அதன் இறக்குமதியாளர் ஒருவர் சரக்குப் போய்விட்டது என்று உயர்நீதிமன்றத்தை அணுகினார். ஜூன் 12 அன்றே அதே கம்பெனியின் 'மனாசா எப்' என்ற வேறொரு கப்பல் விழிஞ்ஞத்தில் தடுக்கப்பட்டது. சுமார் 6 கோடி ரூபாய் ஈடு கட்டிய பிறகே அது விடப்பட்டது. அரசே தன் வழக்கைக் கொண்டுவருவதற்கு முன் ஒரு வியாபாரி தன் பணத்துக்கு ஈடு வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இழந்தது இழப்புதான். அவரிடம் கப்பல் ரசீது இருந்தது, விலைப்பட்டியல் இருந்தது, வக்கீல் இருந்தார்.

வள்ளத்தில் போகிறவனிடம் என்ன இருக்கிறது? அவனுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். எண்ணெய்ச் செலவும் படகுப் பங்கும் கழித்து, மிஞ்சியதைக் கரையிலேயே பிரித்துக்கொள்கிறார்கள். ஏலக்காரன் நோட்டில் கணக்கு இருக்கும். அந்த நோட்டு ஏலக்காரனிடம். கூடை சுமந்து வீடு வீடாக விற்கும் பெண்ணுக்கு நோட்டே கிடையாது. ஐஸ் உடைப்பவன், பெட்டி தூக்குபவன், வலை பின்னுபவன், லாரியில் ஏற்றுபவன், இவர்கள் எல்லோரும் மீன் வந்தால் சாப்பிடுவார்கள், வராவிட்டால் பட்டினி. கப்பல் தரப்பு வக்கீல் இவர்களைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பார். உன் வருமானத்துக்கு அத்தாட்சி என்ன? ஜூன், ஜூலையில் எப்படியும் டிராலிங் தடை தானே, நீ எதை இழந்தாய்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையிலான அந்தத் தடை டிராலிங் படகுகளுக்கு. மரபு வள்ளங்களுக்கு விலக்கு உண்டு. மழைக்காலமே அவர்களின் அறுவடைக் காலம். அறுவடை வாசலில் நின்றபோது கடல் பூட்டப்பட்டது. அதுதான் இழப்பு.

முதல் கேள்விக்குப் பதில் ரயில்வேயில் இருக்கிறது. நான் ரயில்வேயில் குமாஸ்தா. ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு என்ன சொல்கிறது? ரயிலிலிருந்து பயணி விழுந்து இறந்தால், ரயில்வேயின் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற விசாரணையே வேண்டாம், நட்டஈடு தர வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் அது 8 லட்சம் ரூபாய். முன்பெல்லாம் இறந்தவர் சட்டைப்பையில் டிக்கெட் இல்லை என்று சொல்லிப் பல குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தீர்த்தது. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே உரிமை போய்விடாது. குடும்பத்தார் உண்மைகளைச் சொல்லிப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், அதன்பின் மறுத்து நிரூபிக்கும் பாரம் ரயில்வேயுடையது என்றது.

ரயில்வே என்பது அரசின் சொத்து, மக்களின் சொத்து. அதற்கே இந்த விதி என்றால், உலகக் கடலையெல்லாம் ஆளும் தனியார் கம்பெனிக்கு ஏன் கூடாது? "நான் இந்தத் துறையில் இத்தனை வருடமாக மீன் தொழில் செய்கிறேன், இத்தனை நாள் வேலை இழந்தேன்" என்று தொழிலாளி பிரமாணம் செய்தால், இல்லை என்று நிரூபிக்கட்டும் ஜெனீவாக் கம்பெனி. வக்கீல்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் அவர்களிடம்தானே இருக்கின்றன!

களியக்காவிளைக்கு அப்பால்

இதில் நம் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இதில்தான் நம் வேலை இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நிலத்தில் கோடு விழுந்தது. கடலில் நீரோட்டத்துக்கு அந்தக் கோடு தெரியாது. பிளாஸ்டிக் குருணை செக்போஸ்ட்டில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டு கன்னியாகுமரிக் கரைக்குப் போகவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் படகுகள் பரம்பரையாகக் கொச்சியை மையமாக வைத்துத் தொழில் செய்கின்றன. ஆள் தமிழ்நாட்டில், தொழில் கேரளத்தில், மீன் இரண்டுக்கும் வெளியே நடுக்கடலில். இந்த மனிதனின் இழப்பு எந்த மாநிலத்தின் பட்டியலில் ஏறும்? கேரளம் கேரளத்துக் கரையின் நட்டத்துக்கு வழக்காடுகிறது. பட்டியல் மாவட்டவாரியாகத் தயாராகிறது. முகவரி இங்கே இல்லாதவனை இங்கே எழுதமாட்டார்கள்; தொழில் அங்கே இல்லாதவனை அங்கே எழுதமாட்டார்கள்.

இங்கேயே துறைகளிலும் மீன் சந்தைகளிலும் சுமை தூக்கியும் ஐஸ் உடைத்தும் வாழும் தமிழ்த் தொழிலாளிகளுக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது. ரேஷன் கார்டு ஊரில், வயிறு இங்கே. இது மலையாளித் தோழர்களுக்கு எதிரான பேச்சு அல்ல. அவர்களுக்குக் கிடைப்பதைப் பறித்து நமக்குக் கொடு என்று கேட்கவில்லை. ஒரே வள்ளத்தில் வலை இழுத்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் இழப்பு என்று எழுதினால், நாளை கப்பல்காரன் அந்தப் பிளவைத்தான் காட்டுவான்: பாருங்கள், இவர்கள் கணக்கே சரியில்லை என்பான். எல்லைக்கு இரு பக்கமும் உள்ள தொழிலாளி சேர்ந்து நின்றால்தான் கணக்கு நிற்கும்.

கப்பல் தரப்பு இன்னொரு வாதமும் வைத்தது. கப்பல் மூழ்கிய இடம் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால். ஆகவே மாநில அரசுக்கு வழக்காட உரிமையே இல்லை, மத்திய அரசுதான் வரவேண்டும் என்றது. கப்பல் மூழ்கியது சுமார் 14.6 கடல் மைலில். இரண்டரை மைல் வித்தியாசத்தில் ஏழையின் வழக்கை மூழ்கடிக்கப் பார்க்கிறார்கள்! அப்படியானால் டில்லி அரசு வந்து நிற்கட்டும். துறைமுகத் திறப்பு விழாவுக்கு வரத் தெரிந்த மத்திய அரசுக்கு நட்டஈட்டு வழக்குக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். மாநில அரசும் சும்மா தப்பிவிட முடியாது. மே 25-இல் மூழ்கிய கப்பலுக்குப் போலீஸ் வழக்குப் பதிவானது ஜூன் 11 அன்று. பதினேழு நாள் தாமதத்துக்கு, புதுத் துறைமுகத்தின் பெரிய வாடிக்கைக்காரரிடம் இருந்த தாட்சண்யம் காரணமில்லை என்று சொன்னால் கேட்பவன் நம்புவானா?

"வரம்பு இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது"

கப்பல்காரர்களின் வக்காலத்துக்காரர்கள் சொல்லும் பெரிய நியாயம் இது: பொறுப்புக்கு வரம்பு இல்லாவிட்டால் காப்பீடு கிடைக்காது, கூலி ஏறும், சாமான் விலை ஏறும். ஏறட்டுமே கொஞ்சம்! கடல் வாணிபத்தின் அபாயத்துக்கு யாராவது விலை கொடுத்தே ஆகவேண்டும். இன்று அந்த விலையைக் கொடுப்பவன் மீனவன். வரம்புக்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாய் நட்டமும் அவன் கப்பல் கம்பெனிக்குக் கொடுக்கும் மானியம். உலக வாணிபம் தழைக்கக் கூடை சுமக்கும் பெண் மானியம் கொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் தர்மம்?

வரம்பு கல்லில் செதுக்கியதும் அல்ல. இலங்கையைப் பாருங்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்து மூழ்கி, சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையோடு கடலை நாசமாக்கியது. 2023-இல் லண்டன் நீதிமன்றம் கப்பல்காரர் பொறுப்பை 1 கோடியே 90 லட்சம் பவுனுக்குள் அடக்கியது. 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்சநீதிமன்றம் அந்த எல்லைக்குள் நிற்க மறுத்து, 100 கோடி டாலர் கட்டு என்று உத்தரவிட்டது. தீர்ப்பு எழுதுவது ஒன்று, வெளிநாட்டுக் கம்பெனியிடம் வசூலிப்பது இன்னொன்று என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு சின்ன நாட்டின் நீதிமன்றம் நிமிர்ந்து நின்றது. மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் மனுதாரர்களாக நின்றதால்தான் அது நிமிர்ந்தது.

நம் தமிழ்நாட்டு அனுபவமும் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் குழம்பை இளைஞர்களும் தொழிலாளிகளும் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் அதே எண்ணூரில், வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் புகுந்தபோது, 2,301 குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பட்டியலில் யார் பெயர், யார் பெயர் இல்லை என்ற சண்டையே அங்கும் மிச்சம். ஒவ்வொரு முறையும் கசிவுக்குப் பிறகுதான் பட்டியல் எழுதத் தொடங்குகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஏழை விடுபடுகிறான்.

நாம் கேட்பது

ஒன்று: பிழைப்பை இழந்தவனின் நட்டஈட்டுக்கு டன் கணக்கு வரம்பு கூடாது. வரம்பு இருந்தே தீரும் என்றால், அந்தத் தொகையில் முதல் பங்கு தொழிலாளிக்கு, மிச்சத்தில்தான் மற்றவர்கள்.

இரண்டு: தொழிலாளியின் பிரமாணப் பத்திரமே ஆரம்ப அத்தாட்சி. மறுத்து நிரூபிக்கும் பாரம் கப்பல் தரப்புக்கு. ரயில்வேக்கு உள்ள விதி கப்பலுக்கும் வேண்டும்.

மூன்று: பட்டியல் ரேஷன் கார்டைப் பார்த்து அல்ல, தொழில் செய்யும் துறையைப் பார்த்து எழுதப்பட வேண்டும். கேரள, தமிழக அரசுகள் கூட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும்.

நான்கு: மீனவர் பெயரில் வசூலாகும் தொகை பொதுக் கஜானாவில் கரையக் கூடாது. தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் அமர்ந்த குழுவால் பங்கிடப்பட வேண்டும்.

ஐந்து: வழக்கு முடியும்வரை காத்திருக்க வயிறு சம்மதிக்காது. பிணைத் தொகையிலிருந்து இடைக்கால நட்டஈடு வழங்க வழி செய்ய வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. வரம்பு வழக்குகளில் நீதிமன்றம் ஒரு தேதி குறித்து, உரிமை உள்ளவர்கள் அதற்குள் வாருங்கள் என்று அறிவிக்க முடியும். பத்திரிகையின் மூலையில் வரும் அந்த அறிவிப்பைப் பார்க்காதவன் நிரந்தரமாக வெளியே. ஆகவே துறைகளிலும் சந்தைகளிலும் உள்ள நம் கிளைத் தோழர்கள் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். 2025 மே 24-க்குப் பின் யார் எத்தனை நாள் வேலை இழந்தார், அதற்கு முன் வருடம் அதே மாதத்தில் என்ன பங்கு வாங்கினார், யாரோடு தொழிலுக்குப் போனார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். மண்ணெண்ணெய்ச் சீட்டு, ஐஸ் பில், ஏலச் சீட்டு, எதுவானாலும் எறியாதீர்கள். ஏலக்காரர் நோட்டின் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். கூட வேலை செய்த இருவர் கையெழுத்து வாங்குங்கள். மலையாளித் தோழர்களின் சங்கங்களோடு உட்கார்ந்து ஒரே படிவமாகச் செய்யுங்கள்.

முந்திரி வியாபாரியிடம் காகிதம் இருந்தது, அவர் ஒரு கப்பலையே நிறுத்தினார். நம் கையிலும் காகிதம் இருக்கட்டும். அது இல்லாமல் கோர்ட்டுக்குப் போனால் 691 ரூபாய்க்குக்கூட ரசீது கேட்பார்கள்.

உழைத்தவன் இழப்பை உழைத்தவனே எழுதுவான்! கெடுத்தவன் கணக்கைத் தீர்க்கும்வரை ஓயமாட்டோம்!